ஒரு யூனிட்டுக்கு எழுநூற்று ஏழு கிராம்

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் ஆசிட் சப்ளை செய்பவர் கொடுத்தது. இதுவரை கேஸ் சிலிண்டர் புக் பண்ணிய தேதிதான் எழுதியிருந்தேன். இன்றைக்கு விஷயம் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு எனக்கு மெமோ வந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் முதல் மெமோ.

"இரண்டாம் யூனிட்டின் பிப்ரவரி மாத அறிக்கையில் நிலக்கரியின் வெப்ப மதிப்பைக் கவனக்குறைவாகப் பதிவு செய்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?" பதினைந்து நாளுக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். சீஃப் இன்ஜினியர் அருணகிரியின் கையெழுத்து, பச்சை மையில்.

கவனக்குறைவு என்ற வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. சமையலில் உப்பு மறந்திருக்கிறேன், கல்யாண நாளை மறந்திருக்கிறேன். தராசில் ஒரு கிராம் நிலக்கரி வைக்கும்போது எனக்கு மூச்சு விடுவது கூட அளந்துதான்.

பிற்பாடு படிக்கும்போது எனக்கே புரிய வேண்டும் என்பதால் விவரமாக எழுதுகிறேன். நான் இந்த அனல் மின் நிலையத்தின் வேதியியல் கூடத்தில் மூத்த கெமிஸ்ட். பாய்லரும் டர்பைனும் சேர்ந்த ஒவ்வொரு பிரிவையும் இங்கே யூனிட் என்போம், வீட்டு மீட்டரில் ஓடும் யூனிட் வேறு. பாய்லருக்குப் போகும் நிலக்கரியில் தினமும் ஒரு கிராமை எஃகுக் குடுவையில் வைத்து எரித்து, அதில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று சொல்ல வேண்டியது என் வேலை. பிப்ரவரியில் சராசரி, கிலோவுக்கு 3,620 கிலோகலோரி. அந்த எண்ணை வைத்துத்தான் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க எவ்வளவு வெப்பம் செலவானது என்று கணக்குப் பார்ப்பார்கள். 2,560 கிலோகலோரி வந்தது. 2,450-ஐத் தாண்டக் கூடாது. அதாவது 677 கிராம் கரியில் முடிய வேண்டிய ஒரு யூனிட்டுக்கு எங்கள் பாய்லர் 707 கிராம் தின்றிருக்கிறது. முப்பது கிராம்தானே என்று தோன்றும். நாளைக்கு நூற்று முப்பது டன். இரண்டு வேகன் கரி தினமும் சும்மா புகையாகப் போகிறது.

இத்தனைக்கும் நாற்பத்தைந்து நாள் நிறுத்தி, பாய்லரைப் பிரித்து மேய்ந்து, எல்லாம் புதுசாக்கி, மாசி முதல் தேதி பூசை போட்டு, நல்ல நேரத்தில் பற்றவைத்த யூனிட் இது. அதனால் பாய்லர்மேல் தப்பு இருக்க முடியாதாம். அப்படியென்றால் தப்பு கரிமேல், அல்லது கரியை அளந்தவள்மேல்.

வீட்டுக்கு வந்து இவரிடம் மெமோவைக் காட்டினேன். இவர் பாய்லர் பராமரிப்புப் பிரிவில் செயற்பொறியாளர், சிதம்பரநாதன். நின்றபடியே படித்துவிட்டு, "பாத்துக்கிடலாம்" என்றார். பிறகு மோட்டார் போடப் போய்விட்டார். தொட்டி அப்போதே நிரம்பித்தான் இருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

துணி காயப் போட்டதெல்லாம் சாம்பல். திரும்பத் துவைத்தேன்.

மார்ச் 5, புதன்

சவரியம்மாளிடம் மெமோவைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியாது, அவள் எடுத்த சாம்பிளைத்தான் நான் எரிக்கிறேன்.

பதினொரு வருடமாக ஒப்பந்த வேலையில் இருக்கிறாள். கன்வேயர் பெல்ட்டில் மணிக்கொரு தரம் கரி அள்ளுவாள். உடைப்பாள். கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டை வைத்துக்கொண்டு மற்ற இரண்டைத் தள்ளுவாள். மறுபடி குவிப்பாள், மறுபடி பிரிப்பாள். மலை போன்ற கரி கடைசியில் மூன்று பொட்டலமாகும். ஒன்று எனக்கு. ஒன்று இயக்கப் பிரிவுக்கு. மூன்றாவதில் அரக்கு முத்திரை வைத்து அலமாரியில் முப்பது நாள் வைத்திருப்போம், பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் எடுத்து எரித்துப் பார்ப்பதற்கு. இதுவரை யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனாலும் சவரியம்மாள் ஒவ்வொன்றுக்கும் கல்யாணப் பரிசுக்குக் கட்டுவதுபோல முடிச்சுப் போட்டுத்தான் வைப்பாள்.

"நா எடுத்ததுல குத்தம்னா சொல்லுதாவ?"

"இன்னும் சொல்லலை. சொல்லுவாங்க."

"சொல்லட்டும் மேடம். எங்கூட ஒரு நாள் பெல்ட்டுக்கிட்ட வந்து நிக்கச் சொல்லுங்க. அரை மணி நேரம் நின்னாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சீஃப் கடைசியாக பெல்ட் பக்கம் போனது எப்போது என்று அவருக்கே நினைவிருக்காது.

மார்ச் 6, வியாழன்

சீஃப் கூப்பிட்டார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். டீ வந்ததுமே இது நல்லதற்கில்லை என்று தெரிந்துவிட்டது.

"சண்முகவடிவு மேடம், இருபதாம் தேதி சென்னையிலேர்ந்து கமிட்டி வருது. நம்ம யூனிட் ஏன் இப்படித் திங்குதுன்னு பார்க்க. நீங்க உங்க ரிசல்ட்டைத் திரும்பப் பார்த்து ஒரு திருத்தம் குடுத்துட்டீங்கன்னா மெமோவை நானே கிழிச்சுப் போட்டுடுவேன்."

"எவ்வளவுக்குத் திருத்தம் சார்?"

"3,460 வந்தா போதும்."

நான் கேட்டதே அவர் எண்ணைச் சொல்கிறாரா என்று பார்க்கத்தான். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார். கரியில் வெப்பமே குறைவு என்று நான் எழுதிவிட்டால், செலவான வெப்பமும் காகிதத்தில் குறைந்துவிடும். 2,560 இருந்த இடத்தில் 2,447 வந்து நிற்கும். பாய்லர் அதே பாய்லர், புகை அதே புகை.

"கரி அப்படி இல்லையே சார்."

"உங்களைத் தப்பு சொல்லலை. சாம்பிள் எடுக்குற லேடி சரியா எடுக்கலைன்னு போடுங்க. கான்ட்ராக்ட் ஆளுதானே? வேற ஆளைப் போட்டுக்கலாம்."

டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். ஏலக்காய் போட்ட டீ. அது ஒன்றுதான் வருத்தம்.

மார்ச் 7, வெள்ளி

3,460 எழுதவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சொதி வைத்தேன், இஞ்சித் துவையல் அரைத்தேன். இவருக்குச் சொதி என்றால் மூன்று தட்டு இறங்கும். இன்றைக்கு ஒரு தட்டோடு கை கழுவிவிட்டார். வயிறு சரியில்லையாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேப்பரை விரித்துக்கொண்டு, பேப்பருக்குள்ளிருந்தே பேசினார்.

"ஏ வடிவு, கரிதான் மோசம்னு எழுதிட்டா என்ன? ஊர்ல எல்லா நிலையத்துலயும் அதத்தான எழுதுதான்."

"கரி மோசமில்லையே."

"உனக்கென்ன, கரிக்கு நீ வக்கீலா?"

"கரிக்கு இல்ல. சவரியம்மாளுக்கு."

"அவளுக்கு வேற எடத்துல வேலை வாங்கிக் குடுத்துருவோம். சீஃப்பே பாத்துக்கிடுவாரு."

சீஃப் இவரிடமும் பேசியிருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். பேப்பர் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை. மனுஷர் விளையாட்டுப் பக்கத்தை அரை மணி நேரம் படித்தார். அவருக்கு கிரிக்கெட்டே பிடிக்காது.

மார்ச் 11, செவ்வாய்

கரி சரி என்று வெறும் வாயால் சொன்னால் கமிட்டி கேட்காது. கரியில் இருந்த வெப்பம் எந்த வழியாக ஓடுகிறது என்று காட்ட வேண்டும். எங்கள் கூடத்தில் புகைவாயு அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. அதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாய்லர் மேல் தளத்துக்குப் படியேறினேன். நாற்பத்தெட்டு வயதில் ஒன்பது மாடி. ஒவ்வொரு தளத்திலும் நின்று சீஃப்பைத் திட்டிவிட்டு ஏறினேன், களைப்புத் தெரியவில்லை.

பாய்லரிலிருந்து வெளியேறும் சூடான புகை, சிம்னிக்குப் போகும் முன் ஏர் ஹீட்டர் என்ற பெரிய சக்கரத்தைக் கடந்து போகும். அந்தச் சூட்டை வாங்கித்தான் உள்ளே போகும் காற்று சூடாகிறது. சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டைகள் உண்டு, சீல் என்பார்கள். அவை சரியாக உட்காராவிட்டால் அடுப்புக்குப் போக வேண்டிய காற்று குறுக்கே ஒழுகிப் புகையோடு போய்விடும். அடுப்பில் காற்றுப் பற்றாது, கரி அரைவேக்காடாகச் சாம்பலில் விழும். விசிறிகள் முழு மூச்சில் ஓடியும் மின் உற்பத்தி ஏறாது.

புகையில் ஆக்சிஜன், ஏர் ஹீட்டருக்கு முன்னால் 3.5 சதவீதம். பின்னால் 8.0.

பின்னால் ஐந்தரை இருந்தால் சரி. கருவி பழசு. பேட்டரி மாற்றி நாளைக்குப் பார்க்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

பேட்டரி மாற்றினேன். 8.1.

ஏர் ஹீட்டர் இவருடைய பிரிவில் வருவது. புது சீல் போட்டதாகச் சான்று இருக்கிறது. வேறு இடத்தில் ஓட்டை இருக்கலாம். தகடு அரித்திருக்கலாம். நூறு காரணம் உண்டு.

தயிர் புளித்துவிட்டது. மோர்க்குழம்பு வைத்தேன்.

மார்ச் 13, வியாழன்

மறுபடியும் ஏறினேன். 8.0. மூன்று தரம் அளந்தால் போதும் என்று நான்தான் புதிதாக வரும் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பேன்.

கீழே வந்தால் கூடத்துக்குள் சுண்ணாம்பு வாடை. கமிட்டி வருவதால் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொல்லி உத்தரவாம். "அலமாரியையும் காலி பண்ணணும், உள்ள இருக்க குப்பையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னாங்க" என்று ஒரு ஆள் நிற்கிறார். அலமாரியில் இருப்பது மூன்றாவது பொட்டலங்கள். சீஃப்பின் மூளையை நினைத்தால் மரியாதையாகத்தான் இருக்கிறது. சுண்ணாம்பு வாளியோடு வந்து சாட்சியைத் தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறார்.

நான் வருவதற்குள் சவரியம்மாள் அலமாரிக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் டிபன் பாக்ஸ். நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"அலமாரியைத் தவிர மத்ததுக்கெல்லாம் அடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி. இது எங்க பொறுப்பு."

"மேல இருந்து உத்தரவும்மா."

"எழுத்துல வாங்கியாங்க. நா எந்திரிக்கேன்."

எழுத்தில் யார் கொடுப்பார்கள்? சாயங்காலம் அவர்கள் போன பிறகு பார்த்தால், சுவரெல்லாம் பளிச்சென்று வெள்ளை. நடுவில் துருப்பிடித்த அலமாரி மட்டும் தன் பாட்டுக்கு நிற்கிறது. நான் பூட்டைப் போட்டுச் சாவியைத் தாலிச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.

கிளம்பும்போதுதான் சவரியம்மாள் சொன்னாள். இருபதாம் தேதிக்கு மேல் வர வேண்டாம் என்று காண்ட்ராக்டர் காலையிலேயே சொல்லிவிட்டாராம். அதைக் கேட்டுவிட்டுத்தான் வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஏன்ட்டி அப்பவே சொல்லலை?"

"சொன்னா நீங்க கோவத்துல ஏதாவது பேசிருவீய. வேலை கெட்டுரும்லா."

மார்ச் 15, சனி

பாய்லர் தண்ணீரில் கலக்கும் ஹைட்ரஸின் கேன் எடுக்க ஸ்டோருக்குப் போனேன். ஆள் அனுப்பினாலே வந்துவிடும். நானே போனேன்.

பின்கொட்டகையில் ஆறு மரப்பெட்டிகள். பிரிக்காத பெட்டிகள். "யூனிட் 2, ஏர் ஹீட்டர் சீல்" என்று அட்டை தொங்குகிறது. வந்து சேர்ந்த தேதி பிப்ரவரி 17.

யூனிட்டைப் பற்றவைத்தது பிப்ரவரி 13.

மார்ச் 16, ஞாயிறு

காலையில் இவர் வராந்தாவில் செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றேன்.

"ஏர் ஹீட்டருக்குப் புது சீல் போட்டியளா?"

"போட்டோம்."

"அப்ப ஸ்டோர்ல ஆறு பெட்டி கெடக்கே, அது என்ன?"

பிரஷ் நின்றது. பிறகு செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். லாரி வழியில் நின்றுவிட்டதாம். சீஃப் மாசி ஒன்றாம் தேதி, பத்தே முக்கால் என்று ஜோசியரிடம் நேரம் வாங்கி, ஐயருக்குச் சொல்லி, சென்னைக்கும் சொல்லிவிட்டாராம். நேரம் தவறினால் அடுத்த நல்ல நாள் பத்து நாள் கழித்துத்தானாம். "பழச நெம்பி அட்ஜஸ்ட் பண்ணி மூடிருங்க. அடுத்த நிறுத்தத்துல புதுசு போட்டுக்கிடலாம். பேப்பர்ல போட்டாச்சுன்னு குடுத்துருங்க" என்றாராம் சீஃப்.

"கையெழுத்து?"

"என்னுதுதான்."

அன்றைக்கு நானும் அங்கேதான் நின்றேன். எலுமிச்சம்பழம் வெட்டி, கற்பூரம் காட்டி, முதல் பர்னர் பற்றியதும் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினேன். இவர் பக்கத்தில் நின்று சர்க்கரைப் பொங்கல் வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் பொறுத்திருந்தால் சீல் வந்திருக்கும். நாலே நாள்.

"கமிட்டி வர்றதுக்குள்ள நீங்களே எழுதிக் குடுத்துருங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

"கட்டுன புருஷனையே காட்டிக்குடுப்பியா?"

"பதினோரு வருஷம் கரி அள்ளுனவளக் காட்டிக்குடுக்கத் தயாரா இருந்தீயள்லா?"

பாலிஷ் டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மெமோவுக்காக இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் சொதியைச் சாப்பிட்டுக்கொண்டே, அவர் செய்த தப்புக்கு என்னைப் பொய் எழுதச் சொன்னாரே, அதற்காக.

மார்ச் 17, திங்கள்

இவர் எழுதிக் கொடுக்கவில்லை. மெமோவுக்கு நான் பதில் கொடுத்தேன். நாலே வரி. "என் அளவு சரி. சாம்பிள் சரி. திருத்தம் இல்லை. மூன்றாவது பொட்டலத்தைக் கமிட்டி முன் எரித்துக் காட்டத் தயார்."

மார்ச் 19, புதன்

இவரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தோசைக்கு ஊறப்போட்டேன்.

என் தங்கை போனில், "உனக்கென்னக்கா வீம்பு? ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல வேலை போயிரப் போவுது" என்றாள். வீம்பு என்றே வைத்துக்கொள்ளட்டும். எனக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

கமிட்டித் தலைவர் வேதாசலம். ஓய்வு பெற்ற பொறியாளர், சர்க்கரை இல்லாத டீ, அளவான பேச்சு. கூடவே இரண்டு பேர். எதிரே சீஃப், அவருக்கு வலப்புறம் இவர். நான் கடைசி நாற்காலி. சவரியம்மாளை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் உள்ளே கூப்பிட்டேன். "சாம்பிளைப் பத்திப் பேசணும்னா எடுத்தவங்க இருக்கணும் சார்" என்றேன். வேதாசலம் தலையாட்டினார்.

முதலில் எல்லாரும் எங்கள் கூடத்துக்கு வந்தார்கள். துரு அலமாரியைப் பார்த்து, "இதை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டார். சவரியம்மாள் முந்திக்கொண்டாள். "காலி பண்ணச் சொன்னாவ சார். நா எந்திரிக்கல."

மூன்று பொட்டலத்தை வேதாசலமே தேதி சொல்லி எடுத்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். தராசு, குடுவை, ஆக்சிஜன், நீர், வெப்பமானி. ஒன்றரை மணி நேரம் யாரும் உட்காரவில்லை. 3,598. 3,634. 3,611. என் பதிவேட்டில் அந்தத் தேதிகளுக்கு 3,605, 3,641, 3,607.

"சாம்பிள்ல தப்பில்லை" என்றார் வேதாசலம், சவரியம்மாளைப் பார்த்து. அவள் "தெரியும் சார்" என்றாள்.

எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. அத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் என் பக்கம் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"கரி சரி. அப்போ வெப்பம் எங்கேம்மா போகுது?"

இவரைப் பார்த்தேன். இவர் ஃபைலைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. இவருக்கு நேரம் கொடுத்தேன். ஒரு கண்ணாடி முடிந்து அடுத்ததையும் துடைத்தேன். இவர் ஃபைலில் ஒரு தாளைப் புரட்டினார்.

ஆக்சிஜன் அளவுகளை வாசித்தேன். வேதாசலம் கையிலிருந்த ஒரு காகித உறைமேலேயே கணக்குப் போட்டு, "முப்பத்தொரு சதவீதக் காற்று ஒழுகுது" என்றார். சீஃப் சிரித்தபடி சான்றை நீட்டினார். "சான்ஸே இல்லை சார். புது சீல் போட்டு ஒரு மாசம்தான் ஆகுது. இதோ."

வேதாசலம் இவரைக் கேட்டார். "கையெழுத்து உங்களுதா? சீல் போட்டீங்களா?"

"போட்டோம் சார்."

இருபத்து மூன்று வருடமாகக் கேட்ட குரல். அது இன்றைக்கு யாரோ பேசுவதுபோல இருந்தது.

"ஸ்டோருக்குப் போய்ப் பாத்துரலாம் சார். பத்து நிமிஷ நடை" என்றேன்.

நான் முன்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இவருடைய செருப்புச் சத்தம் மட்டும் எனக்குத் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. பெட்டிகளுக்கு முன்னால் நின்றதும் வேதாசலம் அட்டையைப் படிக்கக் குனிந்தார். அவர் படிப்பதற்கு முன்னால் இவர் பேசிவிட்டார்.

"போடலை சார். நான் பொய்யா கையெழுத்துப் போட்டேன்."

சீஃப் உடனே நெஞ்சில் கை வைத்தார். "சிதம்பரம், என்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே! சார், எனக்கு இது தெரியவே தெரியாது."

இவர் அப்படியே தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, கடந்த பதினெட்டு நாளும் வராத கோபம். தப்புச் செய்தவரை நான் திட்டுவேன், மெமோ வாங்க வைப்பேன், சொதி கொடுக்காமல்கூட இருப்பேன். அவர் தலையில் இன்னொருத்தர் தப்பையும் சேர்த்துக் கட்ட விடமாட்டேன்.

"சார், பிப்ரவரி பன்னிரண்டு, யூனிட் லாக் புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்க" என்றேன். "சாயங்காலம் நாலரைக்கு சீஃப் கைப்பட எழுதியிருப்பார். 'நிலுவை வேலைகள் இருப்பினும் நாளை 10.45-க்கு லைட்-அப்.' பச்சை மை. அன்னைக்கு தண்ணி ரிசல்ட் எழுதப் போனப்ப நானே பார்த்தேன்."

லாக் புக் வந்தது. பச்சை மை இருந்தது. சீஃப் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த கரியை எரிக்கக் குடுவையே வேண்டியிருக்காது.

சவரியம்மாள் நாளைக்கும் வேலைக்கு வரலாம் என்று வேதாசலம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார். நான்தான் எழுத்தில் கேட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

இவருக்குக் குற்றச்சாட்டு மெமோ. சீஃப்பிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

மார்ச் 26, புதன்

இன்னும் பேசவில்லை. சாம்பார் நன்றாக இருந்தது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

முந்தாநாள் யூனிட்டை நிறுத்தினார்கள். இவர் ஆட்களை அனுப்பாமல் தானே ஏர் ஹீட்டருக்குள் இறங்கி சீல் பொருத்துகிறாராம், சவரியம்மாள் சொன்னாள். சாயங்காலம் கண் இமை வரை கரியோடு வந்தார். குளிக்க வெந்நீர் போட்டு வைத்தேன். "சீல் எடைவெளி ரெண்டு மில்லிமீட்டர் வந்திருக்கு" என்றார், வாளியிடம் சொல்வதுபோல. பதினாறு நாள் கழித்து என்னோடு பேசிய முதல் பேச்சு இது.

ஏப்ரல் 7, திங்கள்

யூனிட் ஓடத் தொடங்கியது. எனக்கு மாற்றல் உத்தரவும் வந்தது, மாநிலத்தின் அடுத்த கோடியில் உள்ள நிலையத்துக்கு. "நிர்வாகக் காரணங்களுக்காக." மேல்முறையீடு செய்யச் சொல்லி சங்கத்தில் படிவம் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கேயும் கரிதான், அங்கேயும் தராசு இருக்கும். அங்கிருக்கும் சீஃப்தான் பாவம்.

ஏப்ரல் 11, வெள்ளி

கிளம்பும் முன் என் கடைசி அறிக்கை. சாம்பிள் சவரியம்மாள் எடுத்தாள். ஏர் ஹீட்டருக்குப் பின்னால் ஆக்சிஜன் 5.4, ஒழுகல் பதினொன்று. யூனிட்டுக்கு 2,471. 2,450-க்கு இன்னும் இருபத்தொன்று குறைய வேண்டும். நீராவியைக் குளிர்விக்கும் கன்டென்சர் குழாய்களில் கடல் பாசி இருக்கிறது, அதையும் எழுதி வைத்தேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தேன். இவருக்கு சீஃப் போன் செய்தார். கை முழுக்கக் கிரீஸ் என்பதால் இவர் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். நான் அடுக்களையில் இருப்பது சீஃப்புக்குத் தெரியாது.

"சிதம்பரம், உங்க விசாரணையில என் வார்த்தைதான் எடுபடும், தெரியுமில்லே? நான் உங்களுக்குச் சாதகமாவே எழுதுறேன். உங்க வீட்டம்மாகிட்டே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. 2,471-ஐ 2,450-ஆப் போட்டுக் குடுத்துட்டுப் போகட்டும். இருபத்தொண்ணுதானே. கண்ணுக்கே தெரியாது."

என் கையில் குக்கர் மூடி. அப்படியே நின்றேன். இவருடைய வேலை, பென்ஷன், எல்லாம் அந்த விசாரணையில் இருக்கிறது. சரி என்று சொல்லிவிட்டு என்னிடம் கெஞ்சுவார் என்றுதான் நினைத்தேன். என்ன பதில் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

இவர் கிரீஸைத் துணியில் துடைத்தார். அவசரப்படவில்லை.

"சார், அவ அளந்தது 2,471. 2,471-தான். என்னைப் பத்தி நீங்க என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்தார். "அந்தப் பெரிய குக்கரையும் கொண்டு போறியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கட்டிக் கொடுத்தார்.

எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது அந்த நேரத்தில். எழுதி வைக்கிறேன். அடுத்த சண்டையில், அப்படியெல்லாம் இல்லவே இல்லை என்று சாதிப்பேன்.